நான் போட்ட பூஜ்யம்

போன வாரம் உங்களில் ஒருத்தி என் கைப்பேசிக்கு ஒரு செய்தி அனுப்பியிருந்தாள். ஒடுகத்தூரிலிருந்து தினமும் பஸ் பிடித்து வேலூருக்கு வேலைக்கு வருகிற பெண். அவள் எழுதியிருந்தது இதுதான்:

“அக்கா, புதுசா வர்றவங்களுக்காக ஹாஸ்கெல் குறிப்புங்க எல்லாம் சேத்து ஒரு லிஸ்ட் போடுறோம். சுருக்கமா எழுதுற வழி, அடிக்கடி வர்ற தப்பு, அந்த மாதிரி. நீங்களும் ஒரு பத்து குறிப்பு குடுங்க. அப்புறம் ஒரு சந்தேகம். கேஸ் மீட்டர் ஃபைல்ல நீங்க எழுதுன முப்பது வரி இருக்குல்ல, அத ஒரே வரில எழுதலாம்க்கா. மாத்திரட்டுமா? அதுக்கு மேல கமெண்ட்ல சேகர்னு ஒரு பேரு மட்டும் இருக்கு. வேலைய விட்டு போய்ட்டவரா? அதையும் எடுத்துரட்டுமா?”

நாலு தடவை படித்தேன். பதில் அடிக்க ஆரம்பித்து அழித்தேன், மறுபடி அடித்து மறுபடி அழித்தேன். கைப்பேசியில் கட்டைவிரலால் அடிக்கிற பதில் இல்லை இது. அதனால் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன். கேட்டவளுக்கு மட்டுமில்லாமல், நான் ஓய்வு பெற்ற பிறகு சேர்ந்த எல்லாருக்கும். பத்துக் குறிப்பு என்னிடம் இல்லை. இருக்கிற இரண்டு மூன்றும் எனக்கு எப்படி வந்தன என்று சொல்லாமல் அவற்றைத் தர எனக்கு மனம் வரவில்லை.

ஹாஸ்கெல் என்கிற இந்தக் கம்ப்யூட்டர் மொழியை எனக்குச் சொல்லிக்கொடுத்தவன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். பெயரைச் சொன்னால் கோபித்துக்கொள்வான், விட்டுவிடுகிறேன். அதற்கு முன்னால் நான் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியின் கம்ப்யூட்டர் செக்‌ஷனில் பாதி வாழ்க்கையைக் கழித்தவள். நாற்பத்தைந்து வயதில் வேலூரில் நம் சாஃப்ட்வேர் கம்பெனிக்கு வந்து, புது மொழி படி என்றால் எரிச்சல்தான் வந்தது. அவன் விடவில்லை. பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகச் சொல்லித்தந்தான்.

அவன் முதல் நாள் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். மற்ற மொழிகளில், ஒரு எண் வரவேண்டிய இடத்தில் எதுவும் வராமல் போனால் அது புரோகிராம் ஓடும்போதுதான் தெரியும். இந்த மொழியில், வராமல் போகக்கூடிய எதையும் ஒரு பெட்டிக்குள் வைத்துத்தான் தருவார்கள். பெட்டிக்குள் எண் இருக்கலாம், பெட்டி காலியாகவும் இருக்கலாம். காலியாக இருந்தால் என்ன செய்வது என்று நீங்கள் எழுதாத வரை, நாம் எழுதியதைச் சரிபார்த்து மெஷினுக்கு மாற்றித்தருகிற கம்பைலர் முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். நான் எழுதிய ஒவ்வொரு பக்கத்தையும் அவன் ஒரே கேள்வியோடுதான் படிப்பான்.

“காலியா இருந்தா இன்னா பண்ணும்க்கா?”

நான் மத்தியானம் டிபன் பாக்ஸைத் திறந்தால்கூட அதையே கேட்டுவிட்டுச் சிரிப்பான்.

முதல் குறிப்பு. பட்டியலில் முதலாவதாக இருப்பதை எடுக்கிற ‘ஹெட்’ என்று ஒன்று இருக்கிறது. அதைத் தொடாதீர்கள். பட்டியல் காலியாக இருந்தால் புரோகிராம் அந்த இடத்திலேயே செத்து விழும்.

இதை நான் ஆம்பூர்ப் பக்கம் ஒரு கழிவுநீர் நிலையத்தில் கற்றுக்கொண்டேன். சுற்றியிருக்கிற தோல் தொழிற்சாலைகளின் தண்ணீரெல்லாம் அங்கே ஒரு பெரிய கிணற்றில் வந்து சேரும். அங்கிருந்து பம்ப் போட்டுச் சுத்திகரிக்க அனுப்புவார்கள். அன்றைக்கு முதலில் தண்ணீர் விட்ட தொழிற்சாலை எது என்று திரையில் காட்டவேண்டும். பட்டியலில் முதல் ஆள், அவ்வளவுதானே என்று ‘ஹெட்’ போட்டேன். திங்கள்கிழமை மாட்டினோம். நாலு நாள் அருமையாக ஓடியது. வெள்ளிக்கிழமை காலையில் நிலையத்து மேனேஜர் வெளியூர் ஆட்கள் நாலைந்து பேரைக் கூட்டிக்கொண்டு வந்து திரையைக் காட்டினார். புரோகிராம் செத்து, திரை விழுந்து கிடந்தது. அங்கே தோல் தொழிற்சாலைகளுக்கு வாரவிடுமுறை வெள்ளிக்கிழமை. ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை, பட்டியல் காலி. நாங்கள் வேலூர் ஆபீஸ்காரர்கள், ஞாயிற்றுக்கிழமை லீவு எடுத்துக் கோயிலுக்கும் சர்ச்சுக்கும் போகிறவர்கள். வெள்ளிக்கிழமை ஊரே சும்மா இருக்கும் என்பது, அந்த ஊரில் அத்தனை வருஷம் வேலை செய்த எனக்குக்கூட எழுதும்போது ஞாபகம் வரவில்லை.

“இன்னா மேடம் இது? ஆம்பூர்ல வெள்ளிக்கிழம லீவுன்னு உங்க கம்ப்யூட்டருக்கு தெரியாதா?” என்றார் மேனேஜர். வந்தவர்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

யாருக்கும் ஒரு கேடும் இல்லை. பத்து நிமிடத்தில் சரிசெய்துவிட்டேன். ஆனால் அந்தச் சிரிப்பு என் காதிலேயே நின்றுவிட்டது. இனிமேல் இந்த ஆள் முன்னால் என் திரை விழவும் கூடாது, சிவப்பாகவும் நிற்கக் கூடாது என்று அன்றைக்கு மனதுக்குள் ஒரு வீம்பு பிடித்துக்கொண்டேன். அந்த வீம்பைப் பற்றித்தான் இனி சொல்லப்போகிறேன்.

அந்த நிலையத்தில் பம்ப் அறையைப் பார்த்துக்கொண்டவரை எல்லாரும் மேஸ்திரி பாய் என்பார்கள். ஐம்பது தாண்டியவர், அதிகம் பேசமாட்டார். வலது கையில் ஒரு வெள்ளி மோதிரம் போட்டிருப்பார். கிணற்றுக்குள் வருகிற விஷவாயுவைப் பார்க்க மீட்டர் வைத்து, அதைத் திரையில் காட்ட வேண்டும் என்று எங்களுக்கு அடுத்த வேலை வந்தபோதுதான் அவரோடு நன்றாகப் பழகினேன். அழுகிய முட்டை நாற்றம் அடிக்குமே, அந்த வாயு. பாயிடம் அதுவரைக்கும் இருந்த மீட்டர் அந்த மோதிரம்தான். கிணற்று மூடியைத் திறந்ததும் மோதிரத்தைக் கழற்றிச் சணல் கயிற்றில் கட்டி, தண்ணீருக்கு ஒரு முழம் மேலே நிற்கிற மாதிரி இறக்குவார். பத்து நிமிடம் கழித்து மேலே இழுப்பார். வெள்ளி கறுத்திருந்தால் ஒருத்தரும் கிணற்றுப் பக்கம் வரக்கூடாது. வெள்ளையாக இருந்தால், இறங்குகிறவன் இடுப்பில் அதே பாய் கயிறு கட்டி அனுப்புவார். பிறகு பல்பொடி போட்டுத் தேய்த்து மோதிரத்தை மறுபடியும் விரலில் போட்டுக்கொள்வார்.

சட்டப்படி அந்தக் கிணற்றுக்குள் மனிதர் யாரும் இறங்கவே கூடாது. அது அங்கே எல்லாருக்கும் தெரியும். பம்ப் அடைத்துக்கொண்டால் இறங்குகிறார்கள் என்பதும் எல்லாருக்கும் தெரியும். இறங்குகிறவர்கள் எப்போதும் ஊருக்கு வெளியே இருக்கிற ஒரே தெருவிலிருந்துதான் வருகிறார்கள். அதையும் எல்லாரும் தெரிந்துகொண்டேதான் இருந்தோம், நான் உட்பட.

முதல் நாளே பாய் எனக்கு ஒன்று சொன்னார்.

“நாத்தம் அடிக்கிற வரைக்கும் பயம் கம்மி மேடம். திடீர்னு நாத்தமே இல்லன்னா, அப்பதான் ஓடணும். கேஸ் ஜாஸ்தியாச்சுன்னா மூக்கு செத்துடும். ஒண்ணும் தெரியாது.”

அதை நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன். அந்த நோட்டு இன்னும் என்னிடம் இருக்கிறது.

மீட்டர் வைத்தாயிற்று. திரையில் நிமிடத்துக்கு ஒரு எண் வந்தது. மீட்டரிலிருந்து எதுவும் வரவில்லையென்றால் திரை கறுப்பாகி சைரன் அடிக்கும். பெட்டி காலி என்றால் ஊரைக் கூட்டு என்று சொல்லி அப்படி எழுதவைத்தவன் எனக்குச் சொல்லிக்கொடுத்த அந்தப் பையன்தான். நான் பாயிடம் போய்ப் பெருமையாகச் சொன்னேன்.

“இனிமே மோதிரத்த கைலயே போட்டுக்குங்க பாய். பச்சையா இருந்தா எறங்கலாம், சிவப்பா இருந்தா கூடாது. அவ்ளோதான்.”

“ஸ்கிரீன் பொய் சொல்லாதுல்ல மேடம்?”

“சொல்லாது பாய்.”

பாய் நம்பவில்லை. ஒரு மாதம் மோதிரத்தையும் இறக்கினார், திரையையும் பார்த்தார். இரண்டும் ஒத்துப்போயின. அப்புறம்தான் மோதிரம் கழற்றுவதை விட்டார். அவரை விடவைக்க நான் எவ்வளவு பேசினேன் என்பது எனக்குத்தான் தெரியும்.

சேகர் அங்கே துப்புரவு வேலை செய்தவர். முப்பது சொச்சம் வயது. நான் போகும்போதெல்லாம் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டு நிற்பார். “என் பொண்ணு ஆறாவது படிக்குது மேடம். கம்ப்யூட்டர்னா உயிரு. உங்கள மாதிரி ஆவணும்னா இன்னா படிக்கணும்?” என்று ஒவ்வொரு தடவையும் கேட்பார். நானும் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொல்வேன்.

மழைக்காலம் வந்தது. கிணற்றுக்குள் இருக்கிற வாயு செம்பை அரிக்கும். மீட்டர் வயரின் முனைகள் பச்சை பிடித்து அவ்வப்போது தொடர்பு விட்டுப்போயிற்று. இரண்டு நிமிடம், மூன்று நிமிடம் எண் வராது. உடனே திரை கறுத்து சைரன். ஒருநாள் மேனேஜர் போன் செய்தார்.

“ஒரே பேஜாரா இருக்குது மேடம். அரை மணிக்கு ஒரு தபா சைரன் அடிக்குது. நாளைக்கு நிலையத்த பாக்க பெரிய ஆளுங்க வர்றாங்க. அன்னிக்கு மாதிரி என்ன நிக்க வெச்சு அசிங்கப்படுத்தாதீங்க. இன்னிக்கே நிறுத்துங்க.”

அந்த ‘அன்னிக்கு மாதிரி’ எனக்குச் சுருக்கென்று தைத்தது. பையன் லீவில் இருந்தான், அவன் மனைவிக்குப் பிரசவம். வயரை மாற்ற ஆள் அனுப்ப இரண்டு நாள் ஆகும். எனக்கு அன்று சாயந்திரத்துக்குள் சைரன் நிற்க வேண்டும்.

நீங்கள் சேர்க்கிற பட்டியலில் ‘ஃப்ரம்மேபி’ நிச்சயம் இருக்கும். நல்ல சாமான்தான். பெட்டியைத் திற, காலியாக இருந்தால் நான் சொல்கிற இதை வைத்துக்கொள், என்று ஒரே வரியில் முடித்துவிடலாம். நான் அதை எடுத்தேன். காலியாக இருந்தால் பூஜ்யம் என்று போட்டேன். கம்பைலர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதற்கு வேண்டியது ஏதோ ஒரு எண், கொடுத்துவிட்டேன். மேலே ‘தற்காலிகம்’ என்று, கம்ப்யூட்டர் கண்டுகொள்ளாத ஒரு கமெண்ட் எழுதினேன். சைரன் நின்றது. மேனேஜர் போன் செய்து தேங்க்ஸ் சொன்னார். எனக்கு உள்ளூர சந்தோஷமாகக்கூட இருந்தது.

மூன்றாம் நாள் பையன் ஸ்வீட் பாக்ஸோடு வந்தான். பெண் குழந்தை. எல்லாருக்கும் கொடுத்துவிட்டு வழக்கம்போல என் பக்கங்களைப் படித்தான்.

“காலியா இருந்தா ஜீரோன்னு போட்டிருக்கீங்களேக்கா?”

“ரெண்டு நிமிஷந்தான்ப்பா காலியா இருக்கும். வயர மாத்துனதும் எடுத்துர்றேன்.”

அவன் கொஞ்ச நேரம் திரையைப் பார்த்தான். நான் பெரியவள், முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டிருந்தேன். அவனும் நல்ல மனநிலையில் இருந்தான். சரிக்கா என்று எழுந்து போய்விட்டான்.

வயரை யாரும் மாற்றவில்லை. சைரன் அடித்தால்தானே வயர் ஞாபகம் வரும்.

ஏழாவது வாரம், ஒரு காலை நேரம். இரண்டு நாள் விடாமல் பெய்த மழையில் தோலிலிருந்து வந்த சவ்வும் மயிரும் பம்ப்பில் போய் அடைத்துக்கொண்டன. தண்ணீர் கிணற்று விளிம்பை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது, மேனேஜர் கத்திக்கொண்டிருந்தார். பாய் திரையைப் பார்த்தார். பச்சை, பூஜ்யம். மோதிரம் விரலிலேயே இருந்தது. கயிறு எடுக்கப்போனவரிடம், “பச்சையாதான் இருக்குது பாய், ஒரு நிமிஷத்துல வந்துர்றேன்” என்று சொல்லிவிட்டு சேகர் இரும்புப் படியில் இறங்கியிருக்கிறார். பாதி இறங்கி, மேலே பார்த்துச் சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார்.

“பாய், இன்னிக்கு நாத்தமே இல்ல பாய்!”

“ஏறு! மேல ஏறுடா!” என்று பாய் அலறினார். சேகருக்கு அது காதில் விழுந்ததா என்று பாயால் சொல்ல முடியவில்லை. படியைப் பிடித்திருந்த கை விட்டுப்போனதை மட்டும் பார்த்திருக்கிறார்.

பாய் கிணற்று வாயில் குப்புறப் படுத்து, கையை உள்ளே விட்டுக் கொக்கியும் கயிறுமாகத் துழாவியிருக்கிறார். அவரும் மயங்கப்போகிற நேரத்தில் மற்றவர்கள் காலைப் பிடித்து இழுத்துவிட்டார்கள். தீயணைப்புக்காரர்கள் வந்து சேகரை வெளியே எடுத்தபோது முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது.

எனக்குப் போன் வந்ததும் நிலையத்தின் பதிவுகளைத் திறந்தேன். முந்தின நாள் சாயந்திரத்திலிருந்து பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அந்தக் கிணற்றில் நல்ல நாளிலேயே இரண்டு, ஐந்து, மூன்று, ஒன்பது என்று எண் ஆடிக்கொண்டே இருக்கும். இங்கே ஸ்கேல் வைத்துப் போட்ட மாதிரி ஒரே கோடு. வயர் முந்தின நாள் சாயந்திரமே முழுதாக அறுந்துபோயிருக்கிறது. இது எனக்குப் புரிய ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. யாரும் எடுத்துச் சொல்லவேண்டியிருக்கவில்லை. இதை நீங்கள் கவனிக்கவேண்டும், ஏனென்றால் பிறகு நான் செய்தது தெரியாமல் செய்தது இல்லை.

சாயந்திரம் மேனேஜர் பேசினார்.

“லாக்ல கேஸ் ஜீரோன்னு இருக்குது மேடம். பிரிண்ட் எடுத்து விசாரணைக்கு குடுத்துட்டோம். கேஸே இல்ல. அவன் குடிச்சிட்டு எறங்கியிருக்கான், கை நழுவிடுச்சு. நீங்க இப்போதைக்கு அந்த ஃபைல்ல கை வெக்காதீங்க.”

“சரி சார்” என்றேன்.

என் வாயிலிருந்து வந்தது அவ்வளவுதான். நான் போட்ட பூஜ்யம் சேகரைக் கிணற்றுக்குள் இறக்கியது. அதே பூஜ்யம் இப்போது அவர் குடிகாரர் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நான் என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாள் மேஸ்திரி பாய் எங்கள் ஆபீஸ் மாடிப்படி ஏறி வந்தார். அதுவரை அவர் வேலூர் ஆபீஸுக்கு வந்ததே இல்லை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. விரலிலிருந்த மோதிரத்தைத் திருகிக் கழற்றி என் மேஜைமேல் வைத்தார். கரி பூசின மாதிரி கறுப்பாக இருந்தது.

“அன்னிக்கு கிணத்துக்குள்ள கைய உட்டேன்ல மேடம். வெளிய எடுக்கும்போது இப்டி இருந்துச்சு. உங்க ஸ்கிரீன்ல ஜீரோ. எது மேடம் பொய் சொல்லுது?”

நான் மோதிரத்தையே பார்த்தேன்.

“சேகர் பொண்டாட்டி என் ஊட்டாண்ட வந்து நின்னுட்டு அழுவுறா. என் புருசன் குடிக்க மாட்டாருன்னு நீயாவது சொல்லு பாய்ன்றா. நான் சொல்றேன், எவன் கேக்குறான்? கம்ப்யூட்டரே ஜீரோன்னு சொல்லுது, உன் மோதிரம் இன்னாய்யா மோதிரம்ன்றானுங்க. நீங்க படிச்சவங்க. பாத்து சொல்லுங்க.”

“மீட்டர்ல ஏதாவது கோளாறு இருக்கும் பாய். பாக்குறேன்” என்றேன்.

மீட்டரில் கோளாறு என்பது பொய் இல்லை. ஆனால் அந்த இடத்தில் அதைச் சொன்னதைவிடப் பெரிய பொய் நான் என் வாழ்நாளில் சொன்னதில்லை. பாய் மோதிரத்தை எடுத்துக்கொள்ளவில்லை. “நீங்க பாக்குறதுக்கு இருக்கட்டும்” என்று வைத்துவிட்டுப் படி இறங்கிப் போனார். நான் அதை இழுப்பறையில் போட்டு மூடினேன்.

பதினோரு நாள் மூடியே வைத்திருந்தேன். நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. சர்ச் ஆராதனையில் எல்லாரோடும் சேர்ந்து பாவ அறிக்கை சொன்னேன். சபையே ஒரே குரலில் சொல்லும்போது அதைச் சொல்வது எத்தனை சுலபம் என்று அன்றைக்குத்தான் கவனித்தேன். ராத்திரி படுத்தால் தூக்கம் வரும், அதுதான் வெட்கம். நன்றாகவே தூங்கினேன். வேலை போய்விடும், கம்பெனியை மூடிவிடுவார்கள், பன்னிரண்டு பேர் குடும்பம் தெருவுக்கு வரும் என்று பகலெல்லாம் எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அந்த நியாயத்தில் சேகர் வீட்டை மட்டும் சேர்த்துக்கொள்ளவே இல்லை.

பதினோராம் நாள் பையன் ஏதோ வயர் தேடி என் இழுப்பறையைத் திறந்தான்.

“இது யாரோடதுக்கா?”

சொன்னேன். மோதிரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். 

“அன்னிக்கு நான் கேட்டேன்ல அக்கா. கேட்டுட்டு உட்டுட்டேன். நீங்க பெரியவங்கன்னு உட்டுட்டேன்.” அவன் கண் கலங்கியிருந்தது. “இப்ப நான் எழுதட்டுமா, நீங்க எழுதுறீங்களா?”

நான் எழுதினேன். இரண்டு பக்கம். இந்தப் பூஜ்யம் மீட்டர் அளந்தது அல்ல, அளவு வராதபோது நான் எழுதிய வரி போட்டது, எந்தத் தேதியில் எதற்காகப் போட்டேன் என்று எல்லாவற்றையும் எழுதினேன். மோதிரத்தையும் எடுத்துக்கொண்டு இருவரும் விசாரணை அதிகாரியிடம் போனோம். அவர் இரண்டு தடவை படித்துவிட்டு நிலையத்தார் கொடுத்த பிரிண்டை எடுத்து என் முன்னால் நீட்டினார்.

“அப்போ இந்த ஜீரோ மீட்டரோடது இல்லையா?”

“இல்ல சார். என்னோடது.”

அறிக்கையில் குடி என்ற வார்த்தை வரவில்லை. வாயுதான் காரணம் என்று வந்தது. நிலையத்தின்மேல் வழக்கு நடந்தது, நடந்துகொண்டே இருந்தது. எனக்கு ஒரு தண்டனையும் வரவில்லை. முதலாளி ஒரு மாதம் என்னோடு பேசவில்லை, அவ்வளவுதான். ஆள் செத்ததற்கு அந்த அளவுக்குத்தான் என்னைக் கேட்டார்கள் என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை.

சேகர் வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி என்னைத் திட்டுவாள் என்று நினைத்துத்தான் போனேன். அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“அவரு குடிக்கலன்னு எழுதிட்டாங்களா மேடம்?”

“கேஸுதான் காரணம்னு எழுதிட்டாங்கம்மா.”

சரி என்று தலையாட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். அந்த ஆறாவது படிக்கிற பெண் கதவைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. கம்ப்யூட்டர் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

அந்த ஒரு வரியை எடுத்துவிட்டு முப்பது வரி எழுதினேன். நீங்கள் பார்த்திருக்கிற முப்பது வரி அதுதான். அளவு வந்தது, அளவு வரவில்லை, மீட்டர் கழற்றி வைத்திருக்கிறது, ஒரே எண் பத்து நிமிடமாக அசையாமல் நிற்கிறது, என்று ஒவ்வொரு நிலைக்கும் தனித்தனியாகப் பெயர் வைத்தேன். இரண்டாவது குறிப்பு இதுதான்: இந்த மாதிரி இடத்தில் ‘மற்றதெல்லாம்’ என்று பொருள்படுகிற ஒரு அடிக்கோட்டை (_) போட்டு மொத்தமாக மூடாதீர்கள். எல்லா நிலையையும் பெயர் சொல்லி எழுதுங்கள். நாளைக்கு இன்னொருத்தி ஒரு புது நிலையைச் சேர்த்தால், எங்கெல்லாம் அதை எழுதவில்லை என்று கம்பைலரே வரிசையாகக் காட்டிக்கொடுக்கும். அடிக்கோடு போட்டிருந்தால் அது வாயை மூடிக்கொள்ளும். மூன்றாவது, வாயுவின் அளவை வெறும் எண்ணாக விடாமல் அதற்கென்று ஒரு வகை செய்துகொள்ளுங்கள். அப்போது பூஜ்யத்தை யாரும் போகிற போக்கில் உள்ளே தூக்கிப் போட முடியாது.

புதுத் திரையை மாட்ட அதே நிலையத்துக்குப் போனேன். வயரைக் கழற்றிக் காட்டினேன். திரை கறுத்து, ‘அளவு தெரியவில்லை, இறங்காதே’ என்று எழுத்து வந்தது, சைரன் அடித்தது. மேஸ்திரி பாய் பொறுமையாகப் பார்த்தார்.

“நல்லா இருக்குது மேடம்” என்றார். பிறகு கையை நீட்டினார்.

பையிலிருந்து மோதிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அலமாரியிலிருந்து பல்பொடியை எடுத்து என் எதிரிலேயே உட்கார்ந்து தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் வெளுத்துவிட்டது. விரலில் போடாமல் சணல் கயிற்றில் கட்டினார். கிணற்று மூடியைத் திறந்து இறக்கினார். பம்ப் அறையில், வயரை மறுபடி மாட்டிய என் திரை பச்சையாக, சரியான எண்ணோடு ஓடிக்கொண்டிருந்தது. வேண்டாம் பாய் என்று நான் சொல்லவில்லை.

“பத்து நிமிஷம் ஆவும் மேடம். உக்காருங்க” என்றார். உட்கார்ந்தேன்.

இனி அந்தச் செய்திக்குப் பதில். முப்பது வரியை ஒரே வரியாக ஆக்கலாமா என்று கேட்டாயே கண்ணு, ஆக்கலாம். கம்பைலர் ஒத்துக்கொள்ளும், சோதனைகளும் தேறிவிடும். அந்த ஒரு வரி ஏற்கெனவே அந்த ஃபைலில் ஏழு வாரத்துக்கு மேல் இருந்தது. பழைய மாற்றங்களைப் புரட்டிப் பார், என் பெயரோடு கிடைக்கும். அதைப் பார்த்த பிறகும் மாற்றவேண்டும் என்று தோன்றினால், ஆம்பூருக்கு ஒரு நடை போய் மூடி திறந்த கிணற்றுப் பக்கத்தில் பாயோடு பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு வந்து மாற்று. அவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். உன்னோடு வேலை செய்கிற பெரியவர் யாராவது முகத்தைக் கடுகடு என்று வைத்துக்கொண்டு, இது தற்காலிகம்தான் என்று சொன்னால் எழுந்து போய்விடாதே. இன்னொரு தடவை கேள்.

சேகர் வேலையை விட்டுப் போய்விட்டவரா என்று கேட்டிருந்தாய். அவருக்கு ஹாஸ்கெலில் ஒரு எழுத்துத் தெரியாது. அந்த முப்பது வரியில் ஒன்றைக்கூட அவர் எழுதவில்லை. திரை பச்சையாக இருக்கிறது என்று நம்பி இறங்கியவர். பெயரை எடுக்காதே.